திருவந்திபுரத்தில் முடிந்த முதல் கோடு

போன செமஸ்டரில் எங்க டீம் ஒரு சின்ன ரோபோ செய்தது. பெண்ணாடத்தில் எங்க மாமாவோட கரும்புத் தோட்டத்தில் பாருக்கு நடுவே தானாக ஓடி, கடைசி வரை போய்த் திரும்பி வரணும். அவ்வளவுதான் வேலை. லேபில் டைல்ஸ் தரையில் அழகாக ஓடியது. தோட்டத்தில் இறக்கினோம். மூணாவது வரிசையைத் தாண்டியதும் லேப்டாப் திரையில் அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. நிஜத்தில் வாய்க்காலில் தலைகுப்புறக் கிடந்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கரும்பு ஆளுயரம் வளர்ந்திருந்ததால் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்கவில்லை. சேற்றில் சக்கரம் சும்மா சுழன்றதையும் நகர்ந்ததாகவே ரோபோ எண்ணிக்கொண்டது. ஜைரோவில் வந்த துளித்துளிப் பிழை சேர்ந்து சேர்ந்து திசையே மாறிவிட்டது. நான் எங்கே இருக்கேன், எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறேன் என்கிற இரண்டு கேள்விக்கும் அது தப்பான பதிலை ரொம்ப நம்பிக்கையோடு சொன்னது.

இதைச் சரிசெய்யப் படிக்க ஆரம்பிச்சப்போதான், இதே இரண்டு கேள்விகளோடு நம்ம கடலூர் மாவட்டத்துக்கு வந்துபோன ஒரு மனிதரைப் பற்றித் தெரிய வந்தது. பெண்ணாடத்திலிருந்து நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் திருவந்திபுரத்தில், இருநூறு வருஷத்துக்கு முன்பு அவர் நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போட்டார். பெயர் வில்லியம் லாம்ப்டன். எவரெஸ்ட் பெயர் எல்லாருக்கும் தெரியும். எவரெஸ்டுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த இவரைப் பலருக்குத் தெரியாது.

நட்சத்திரம் பார்த்த சிப்பாய்

லாம்ப்டன் 1750-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வசதி இல்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தார். கணக்கு நன்றாக வந்தது. ஆனால் பிழைப்புக்குப் பட்டாளம்தான் கிடைத்தது. 33-ஆம் காலாட்படையில் சேர்ந்து அமெரிக்கா போனார். 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தபோது கைதிகளில் அவரும் ஒருவர். விடுதலைக்குப் பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் நிலம் அளக்கும் வேலையும் படைவீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார். பத்து வருஷத்துக்கு மேல் பதவி உயர்வு இல்லை, பெரிய சம்பளம் இல்லை. ராத்திரியில் கணிதப் புத்தகங்கள் மட்டும் துணை. அங்கேதான் ஒரு சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண் பாதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியாவின் மிகத் துல்லியமான கோணங்களை அளந்த மனிதருக்கு ஒழுங்காக வேலை செய்தது ஒற்றைக் கண்தான்.

1790-களின் கடைசியில் அந்தப் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ஒரு ராத்திரி, ஜெனரல் பேர்ட் தலைமையில் ஒரு படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. சரியான திசையில் போகிறோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். லாம்ப்டன் அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் வேறு கதை சொன்னன. படை நேராகத் திப்புவின் பாளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் போய்ச் சொன்னபோது, எனக்கு வழி தெரியும், நட்சத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை என்கிற தோரணையில் ஜெனரல் ஒதுக்கிவிட்டார். பிறகு காம்பஸ் எடுத்துப் பார்த்ததில் லாம்ப்டன் சொன்னதே சரி.

எங்க ரோபோவுக்கு நடந்ததும் இதேதான். எடுத்து வைத்த அடிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், திசையில் வந்த பிழை உள்ளேயிருந்து தெரியவே தெரியாது. வெளியே ஆடாமல் நிற்கும் ஒன்றைப் பார்த்து அவ்வப்போது திருத்தணும். இன்றைய ரோபோ ஃபில்டர் எல்லாமே இந்த இரண்டு படிதான். முதலில் நகர்வை வைத்து இருப்பிடத்தை ஊகிப்பது, பிறகு வெளி அடையாளத்தைப் பார்த்து அந்த ஊகத்தைத் திருத்துவது. 1960-ல் ருடால்ஃப் கால்மன் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார்.

பல்லக்குக்காரனும் சங்கிலியும்

போர் முடிந்ததும் லாம்ப்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களாக அளக்கணும், கூடவே பூமியின் வடிவத்தையும் கண்டுபிடிக்கணும். வெல்லெஸ்லி பரிந்துரைத்தார், 1800-ல் சென்னை அரசு அனுமதி கொடுத்தது. எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதிகார வட்டத்திலேயே ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குக்காரனிடம் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய் விட்டுவிடுவான், இதற்கு எதற்கு சர்வே என்று கேலி செய்ததாகப் பதிவு இருக்கிறது. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் கேட்கிற கேள்வி மாதிரியே இல்லை?

கருவிகள் வந்த கதை தனி சினிமா. 100 அடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோனது. அங்கே அதற்கு மதிப்பில்லாமல் போய், கல்கத்தா வழியாக லாம்ப்டன் கைக்கு வந்தது. லண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட், மூன்று அடி விட்ட வட்டத்தோடு அரை டன் எடை. அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர், இது ஆயுதம் இல்லை, அறிவியல் கருவி என்று புரிந்துகொண்டு மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் பக்கத்துக் குன்றுக்கும் நடுவே அடிக்கோடு அளக்கும் வேலை தொடங்கியது. முக்கோணத்தில் ஒரு பக்கம் தெரிந்தால், கோணங்களை மட்டும் அளந்து மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்த முதல் பக்கம்தான் அடிக்கோடு, பேஸ்லைன். அதில் பிழை வந்தால் கன்னியாகுமரி வரை போகிற ஒவ்வொரு முக்கோணத்திலும் அதே பிழை இருக்கும். நீளம் ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். 100 அடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி அளக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல், மே மாத வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். எஃகு சூட்டில் நீளும். வெப்பநிலையை 10 டிகிரி செல்சியஸ் தப்பாக எடுத்துக்கொண்டால், 12 கிலோமீட்டரில் சுமார் 1.4 மீட்டர் பிழை விழும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, மேலே கூடாரத் துணியால் நிழல் கொடுத்து, பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து ஒவ்வொரு நீட்டலுக்கும் சூட்டைக் குறித்தார்கள். அளவு மட்டும் போதாது, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதும் வேண்டும் என்று லாம்ப்டனுக்குத் தெரிந்திருந்தது.

நம்ம மாவட்டம்

அங்கிருந்து முக்கோணங்கள் கரையோரமாகத் தெற்கே இறங்கின. இந்தியாவில் அவர் அளந்த முதல் தீர்க்க ரேகை வில், வடக்கே பாவுட்ரி என்று அவர் எழுதிவைத்த இடத்தில் தொடங்கித் தெற்கே கடலூர் திருவந்திபுரத்தில் முடிந்தது. இரண்டு முனையிலும் தலைக்கு மேலே வரும் நட்சத்திரங்களின் கோணத்தை அளந்து அட்சரேகை கண்டுபிடித்தார். வித்தியாசம் 1 டிகிரி 34 நிமிடம் 56 செகண்ட். தரையில் அதன் நீளம் முக்கோணங்களிலிருந்து கிடைத்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இந்தப் பகுதியில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 110.6 கிலோமீட்டர். இன்றைக்குச் செயற்கைக்கோள் வைத்துச் சொல்லும் அளவும் அதுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்று எட்டாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். லாம்ப்டன் கூட்டினால் 180 வரக் கூடாது! பூமி உருண்டை. அதன் மேல் வரைந்த முக்கோணத்தில் கூட்டுத்தொகை கொஞ்சம் அதிகமாக இருக்கும். சர்வே பாடத்தில் இதை ஸ்பெரிக்கல் எக்ஸஸ் என்கிறோம். ஒவ்வொரு பக்கமும் 50 கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் இது சுமார் ஐந்தரை செகண்ட். ஒரு செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதுதான். ஆனால் அதைப் பிழை என்று நினைத்து அடித்துத் திருத்தி 180 ஆக்கியிருந்தால், உண்மையையே அழித்ததாக ஆகியிருக்கும்.

ரோபோவின் திசைக்கும் இதே சிக்கல். ஒரு சென்சார் 359 டிகிரி என்கிறது, இன்னொன்று 1 டிகிரி என்கிறது. சராசரி எடுத்தால் 180. இரண்டும் கிட்டத்தட்ட வடக்கைக் காட்டும்போது நம்ம கோடு தெற்கே திரும்பச் சொல்கிறது! திசைகள் நேர்கோட்டில் இல்லை, வட்டத்தில் இருக்கின்றன. முப்பரிமாணத்தில் ட்ரோன் மாதிரி திரும்பினால் இன்னும் மோசம், சுழற்சிகளெல்லாம் சேர்ந்து வளைந்த ஒரு வெளி. சாதாரண ஃபில்டர் அதைத் தட்டைக் காகிதமாக நினைத்து எண்களைக் கழித்துக் கூட்டுகிறது. ஜியோமெட்ரிக் ஃபில்டர் அப்படிச் செய்யாது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள பிழையைக் கழித்தல் கணக்காகப் பார்க்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எவ்வளவு சுழலணும் என்று பார்க்கும். அந்தச் சின்னச் சுழற்சியை மட்டும் தட்டையான இடத்தில் திருத்திவிட்டு, மறுபடி வளைந்த வெளிக்கே திரும்பும். பூமி உருண்டை என்பதை மறக்காமல் முக்கோணம் போட்ட அதே நேர்மைதான் இது.

3.7 அங்குலம்

அடுத்து மேற்கே பெங்களூர். அங்கே போனதும் லாம்ப்டன் இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து நேராகவே அளந்தார். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கும் அதே கோட்டுக்கு ஒரு நீளம் சொன்னது. ஏழு மைலுக்கு மேற்பட்ட அந்தக் கோட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். ரோபோட்டிக்ஸில் லூப் க்ளோஷர் என்று ஒரு சொல் உண்டு. சுற்றிவிட்டு ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கு வந்து, கணக்கு ஒத்துப்போகுதா என்று பார்ப்பது. லாம்ப்டன் தன்னைத் தானே சோதிக்க ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார், அதில் தேறினார்.

மங்களூர் வரை போனபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்களில் இருந்ததைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

அதே காலத்தில் ஐரோப்பாவில் லெஜாந்தர் 1805-லும் காஸ் 1809-லும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையை வெளியிட்டார்கள். பல அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பொருந்தும் விடையைத் தேடும் முறை அது. கால்மன் ஃபில்டரின் தாத்தா. அந்த முறை லாம்ப்டனின் கையில் இல்லை. கையால் கணக்குப் போட்டு, சந்தேகம் வந்தால் திரும்பப் போய் அளந்தார்.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

1808-ல் காவிரிப் படுகைக்கு வந்தார்கள். மலை கிடையாது. நெல் வயலும் தென்னையும் பார்வையை மறைத்தன. உயரமாக இருந்தவை கோயில்கள்தான். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அதன் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் மோதி, அதன் உயிரான வட்டமே நசுங்கியது.

இந்தியாவில் அதைப்போல் இன்னொன்று கிடையாது. லண்டனிலிருந்து வர வருஷக்கணக்காகும். ஆறு வருஷ உழைப்பு அங்கேயே நின்றுபோகலாம். வளைந்த கருவியோடு அளந்து, எண்களை ஒப்பேற்றிவிடவும் செய்யலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். லாம்ப்டன் அதைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்குக் கொண்டுபோனார். பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டினார். தலைமைக் கைவினைஞர்கள் தவிர வேறு யாரையும் கூடாரத்துக்குள் விடவில்லை. ஆப்பு, திருகாணி, கப்பி வைத்து நசுங்கிய வட்டத்தை நூல் நூலாக இழுத்துப் பழைய உருவுக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. அடுத்த வருஷம் கன்னியாகுமரிப் பக்கம் வரை வேலை போய்விட்டது.

தூக்குக்குண்டு பொய் சொன்னபோது

ஒரு சிக்கல் மட்டும் விடவில்லை. பெங்களூர்ப் பக்கம் நட்சத்திரம் சொன்ன அட்சரேகையும் முக்கோணம் சொன்ன அட்சரேகையும் ஒத்துப்போகவில்லை. நட்சத்திரக் கோணத்தைச் செங்குத்திலிருந்துதான் அளக்கிறோம். செங்குத்தைக் காட்டுவது கொத்தனார் வைத்திருப்பது போன்ற தூக்குக்குண்டு. அந்தக் குண்டையே நிலத்தடியில் இருக்கும் அடர்த்தியான பாறை பக்கவாட்டில் இழுத்தால்? லாம்ப்டன் அப்படித்தான் சந்தேகப்பட்டார். குண்டு ஒரு செகண்ட் சாய்ந்தாலே இருப்பிடம் சுமார் 31 மீட்டர் தள்ளிப்போகும். ரோபோவில் ஆக்ஸிலரோமீட்டர்தான் தூக்குக்குண்டு. வண்டி குலுங்கினால், வேகம் கூடினால், அது காட்டும் கீழ்ப்பக்கம் கீழ்ப்பக்கம் இல்லை. அதனால்தான் நல்ல ஃபில்டர்கள் ரோபோவின் இருப்பிடத்தோடு சேர்த்து சென்சாரின் சாய்வையும் கண்டுபிடிக்கப் பார்க்கின்றன.

பெயர் இல்லாதவர்கள்

இந்த வேலை யாருக்காக நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது, படை நடத்தவும் வரி வாங்கவும். லாம்ப்டனுக்குப் பூமியின் வடிவம் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கூடாரத்தில் தங்கின.

அவருடைய உதவியாளர்கள் பலர் சென்னையில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த பையன்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அவர்களில் ஜோஷுவா டி பென்னிங் என்பவர் கடைசி வரை கூடவே இருந்தார். ஆனால் தியோடலைட்டைச் சுமந்தவர்கள், உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. 1818-ல் இந்த வேலைக்கு கிரேட் ட்ரிக்னாமெட்ரிக்கல் சர்வே என்று பெயர் வைத்தார்கள், ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்தார். அடுத்த வருஷமே கிருஷ்ணா, கோதாவரிக் காடுகளில் காய்ச்சல் வந்து, எவரெஸ்டும் அவருடன் போன சுமார் 150 பேரும் படுத்துவிட்டார்கள். ஹைதராபாத்துக்குத் தூக்கி வரும் வழியில் 15 பேர் இறந்துபோனார்கள்.

லாம்ப்டன் ஊர் திரும்பவே இல்லை. 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போதும் அவர் கூடாரத்தில்தான் இருந்தார். எழுபது வயதை நெருங்கிய உடம்போடு, இருமலோடு, வடக்கே நாக்பூர் நோக்கிப் போகும் வழியில் 1823 ஜனவரியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். வேலையை எவரெஸ்ட் எடுத்துக்கொண்டார். பிறகு உலகத்திலேயே உயரமான மலைக்கு எவரெஸ்ட் பெயர் வந்தது. லாம்ப்டனுக்குப் பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை.

எங்க ரோபோ கதைக்கு வருகிறேன். புது சென்சார் எதுவும் வாங்கவில்லை. வரப்பு முனைகளில் நான்கு கம்பு நட்டு அடையாளப் பலகை மாட்டினோம், அதுதான் எங்க நட்சத்திரம். திசையைக் கழித்துக் கூட்டாமல் சுழற்சியாகவே வைத்துக் கணக்கை மாற்றி எழுதினோம். ஜைரோவின் சாய்வையும் ஃபில்டரே கண்டுபிடிக்கும்படி செய்தோம். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தபோது, திரை காட்டிய இடத்துக்கும் நிஜமாக நின்ற இடத்துக்கும் ஒரு ஜாண் வித்தியாசம் இருந்தது. ரிவ்யூ பி.பி.டி.யில் அதைச் சுழியம் என்று போட்டுவிடலாம் என்று டீமில் ஒரு பேச்சு வந்தது. தஞ்சாவூரில் அறுந்த கயிறு நினைவுக்கு வந்தது. ஒரு ஜாண் என்றே போட்டோம்.

கடலூர் பக்கம் போனால் திருவந்திபுரத்தில் ஒரு நிமிஷம் நின்னு வடக்கே பாருங்க. இந்தியாவில் லாம்ப்டன் அளந்த முதல் வில் அங்கேதான் வந்து முடிந்தது.